ரிவர்ஸில் போன வண்டி

பிப்ரவரி 9, திங்கள்

துணி துவைக்கும்போது பார்த்தேன், அப்பாவின் கர்சீப் வெள்ளையாக இருந்தது. சோப்புப் போடுவதற்கு முன்னாலேயே.

ஷேர் ஆட்டோ ஓட்டும்போது அப்பா அதை மூக்கில் கட்டிக்கொள்வார். சாயங்காலம் அவிழ்த்தால் மூக்குத் துளை இருந்த இடத்தில் இரண்டு கருப்பு வட்டம் இருக்கும். கல்லில் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. இன்று தேய்க்க ஒன்றுமே இல்லை. வியர்வை வாடை மட்டும்தான்.

புகைக்காசு வந்த பிறகு ஊருக்குள் காற்று மாறிவிட்டது என்று எங்கள் சூப்பர்வைசர் தனசிங் சார் சொன்னது நிஜம் போலிருக்கிறது. அம்மாவிடம் கர்சீப்பை விரித்துக் காட்டினேன்.

"பாரும்மா, காத்து எவ்வளவு சுத்தமாயிருச்சு."

அம்மா கர்சீப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "வெயில் போறதுக்குள்ள காயப் போடு" என்றாள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

பானு அக்கா சொன்னதால் எழுதுகிறேன். பேச வராதவர்கள் எழுதினால் நெஞ்சு கனக்காதாம்.

பக்கத்து வீட்டு பானு அக்காதான் இந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். நான்கு வெளி வீதிகளுக்கு உள்ளே, அதாவது கோயிலைச் சுற்றியுள்ள நடு ஊருக்குள், பழைய டீசல் வண்டி வந்தால் பணம் கட்ட வேண்டும். புகை குறைவாக விடும் வண்டிக்குப் பச்சை ஸ்டிக்கர். அது இல்லாத வண்டி சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம், இல்லாவிட்டால் திரும்ப வேண்டும். ஒவ்வொரு வழியிலும் ரோட்டில் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்கள். கோட்டின் பக்கத்தில் சிவப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் நிற்கிறோம். ஊரில் எல்லோரும் அதைப் புகைக்காசு என்றுதான் சொல்கிறார்கள்.

"வாயே தொறக்க வேண்டாம்டி. முகத்துல மாஸ்க்கு, கையில பலகை. ஒனக்குன்னே செஞ்ச வேலை" என்றார் அக்கா. ஆனால் பேச வேண்டியிருந்தது. மூன்றே வரி. "வணக்கம் சார். உங்க வண்டிக்குப் பச்சை இல்ல. சீட்டு வாங்கிட்டுப் போறீங்களா, திருப்பிக்கிறீங்களா?"

பதினொன்றாம் வகுப்பில் என்னை எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். வாய் வரவில்லை. பின்பெஞ்சில் சிரித்தார்கள். மறுநாளும் வாய் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அப்பா ஏன் என்று கேட்கவில்லை. ஆட்டோவில் முன்சீட்டில் பக்கத்தில் உட்கார வைத்து ஊர் சுற்றினார். "பேசுறவன் எல்லாம் பேசி என்னத்தக் கிழிச்சான்" என்று மட்டும் சொன்னார்.

இந்த மூன்று வரியையும் அவர்தான் எனக்குப் பழக்கினார். மாவு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, முறத்தை ஸ்டியரிங் மாதிரிப் பிடித்துக்கொண்டார். "ஏய், எவன்டா வண்டிய மறிக்கிறது? எங்க மச்சான் கவுன்சிலரு தெரியுமா?"

அம்மா அடுப்படியிலிருந்து, "உங்க மச்சான் எந்தம்பிதான். அவன் கவுன்சிலர் வீட்டுக்கு வெள்ளையடிச்சான், அம்புட்டுத்தான்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்து மூன்று வரியும் போய்விட்டது.

அப்பா சிரிக்கவில்லை. "இன்னொருக்கா சொல்லு தாயி. அந்த சாரை மட்டும் விட்றாத. வண்டிக்காரனை ஊருல எல்லாரும் டேய்யின்னுதான் கூப்பிடுறான். நீ சார்னு சொல்லு, பாதிக் கோவம் அங்கயே எறங்கிரும்."

"நம்ம வண்டிக்குப் பச்சை உண்டாப்பா?"

"கேஸுக்கு மாத்தச் சொல்லியிருக்கேன். அதுவரைக்கும் தெற்குவாசல் பாலத்துல ஆளை எறக்கி விட்டுட்டுத் திரும்பிக்கிருவேன். நமக்கென்ன."

பிப்ரவரி 12, வியாழன்

இன்று மேற்கு வெளி வீதியில் ஒரு வெங்காய வண்டிக்காரர் கண்ணாடியில் வட்டமாகப் பச்சை ஒட்டிக்கொண்டு வந்தார். கிட்டப் போய்ப் பார்த்தால் அது உரக் கம்பெனி ஸ்டிக்கர். நடுவில் நெல் கதிர் போட்டிருந்தது.

"பச்சைதானம்மா கேட்டீக? இது என்ன சிவப்பா?"

மூன்று வரியையும் சொன்னேன். "சார்னு வேற சொல்லிட்ட, இனி எங்கிட்டுச் சண்டை போடுறது" என்று சீட்டு வாங்கிக்கொண்டார். அப்பா சொன்னது சரிதான்.

வேலை முடிகிற நேரத்தில் தனசிங் சார், நாளையிலிருந்து என்னையும் பானு அக்காவையும் தெற்குவாசலுக்குப் போகச் சொன்னார். வீட்டில் சொன்னபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தெற்குவாசலா?"

"ஆமாப்பா. பாலம் இறங்குற இடம்."

மோர் ஊற்ற அம்மா வருவதற்குள் கையைக் கழுவிவிட்டார்.

பிப்ரவரி 13, வெள்ளி

வில்லாபுரத்திலிருந்து வருகிற ஷேர் ஆட்டோ எல்லாம் பாலம் இறங்கி, கோட்டுக்கு முன்னால் ஆளை இறக்கிவிட்டுத் திரும்புகின்றன. ஜவுளிக்கடை வேலைக்குப் போகிற பெண்கள் கோட்டைத் தாண்டி, கடைகள் இருக்கிற விளக்குத்தூண் வரை நடக்கிறார்கள். நடக்கும்போது யாரைத் திட்டுகிறார்கள் என்று தெரியாமல் திட்டுகிறார்கள். கோட்டுக்கு உள்ளே பூ விற்கிற அக்கா மட்டும், "எம்பேரனுக்கு இருமல் கொறைஞ்சிருக்குத்தா. நல்லா நில்லு நீ" என்று ஒரு முழம் மல்லிகை கொடுத்தார்.

எங்கள் வண்டியைத் தேடினேன். தூரத்தில் வந்தாலே தெரிந்துவிடும். பின்பக்கம் இரண்டு கிளிக்கு நடுவில் 'நாகஜோதி' என்று என் பெயரை எழுதி வைத்திருக்கிறார். வரவில்லை.

அப்பாவுடைய ஸ்டாண்டில் ஓட்டுகிற செவத்தியான் மாமா வந்தார். "ஏய், நீ சோணைமுத்து மகதான? மாஸ்க்கு போட்டா தெரியாதாக்கும். உங்கப்பன் முழியில்ல முழிக்கிற." பின்னால் வந்த வண்டிக்காரர்களைப் பார்த்துக் கத்தினார். "டேய், நம்ம பிள்ளைதான்டா கேட்டுல நிக்கிது. இனி விளக்குத்தூண் வரைக்கும் விட்டு அடி!"

எல்லோரும் விசிலடித்தார்கள். நான் பலகையைத் தூக்கினேன். மாமா, "அட, சும்மா தூக்காத்தா, கை வலிக்கப் போவுது" என்றார். நான் இறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் விசில் நின்றுவிட்டது. ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். மாமாதான் கடைசி. திரும்பும்போது என்னைப் பார்க்கவில்லை.

தனசிங் சார் பார்த்துக்கொண்டிருந்தார். "சொந்தக்காரன், தெரிஞ்சவன்னு ஒரு வண்டி உள்ள போனாலும் அன்னைக்கே வீட்டுக்குப் போயிரணும், சொல்லிட்டேன்" என்றார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

கர்சீப் இன்றும் வெள்ளை.

எனக்கும் பானு அக்காவுக்கும் கொடுத்த மாஸ்க், வேலை முடிந்து கழற்றும்போது கருத்துத்தான் போயிருக்கிறது. கோட்டுக்கு வெளியே வண்டிகள் நின்று உறுமுவதால் இருக்கும். அப்பா ஓட்டுவதும் கோட்டுக்கு வெளியேதான். இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

அம்மா மாவு ஆட்டி விற்க அரிசி ஊற வைத்திருக்கிறாள். வழக்கத்தைவிடப் பெரிய சட்டியில்.

பிப்ரவரி 17, செவ்வாய்

வெயில் அதிகம். மதியம் சாப்பிடவில்லை. எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 18, புதன்

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

காலையில் அவசரமாகக் கிளம்பியதில் சாப்பாட்டுப் பையை அடுப்படியிலேயே வைத்துவிட்டேன். மதியம் பாலத்திலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ இறங்கி வந்தது. உள்ளே ஆள் இல்லை. மற்ற வண்டிகள் மாதிரி ஓரம் கட்டாமல் நேராகக் கோட்டுக்கு வந்தது. முன்சக்கரம் கோட்டின் மேல் ஏறி நின்றது. அப்பா. பக்கத்துச் சீட்டில் என்னுடைய மஞ்சள் பை.

என்னைப் பார்த்துச் சிரித்தார். கையைப் பையின் மேல் வைத்தார்.

தனசிங் சார் என் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். "என்னம்மா, தெரிஞ்ச ஆளா?"

"இல்ல சார்" என்றேன்.

யோசித்துச் சொன்னேனா என்று நேற்றிலிருந்து கேட்டுப் பார்க்கிறேன். யோசிக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது. எப்போதும் வராத வாய்.

பிறகு பலகையைத் தூக்கினேன். மூன்று வரியும் வரிசையாக வந்தது. "வணக்கம் சார். உங்க வண்டிக்குப் பச்சை இல்ல. சீட்டு வாங்கிட்டுப் போறீங்களா, திருப்பிக்கிறீங்களா?" ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை.

அப்பா சிரிப்பதை நிறுத்தினார். உடனே இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக. கையைப் பையிலிருந்து எடுத்தார். "இல்லீங்க மேடம். வழி தவறி வந்துட்டேன். போயிர்றேன்."

வண்டியைத் திருப்புவார் என்று நின்றேன். திருப்பவில்லை. ரிவர்ஸ் போட்டுப் பின்னாலேயே போனார். பாலம் ஏறுகிற இடம் வரைக்கும் கழுத்தை வளைத்துப் பார்த்துக்கொண்டே போனார். பின்னால் வந்த வண்டியெல்லாம் ஹாரன் அடித்தது. "பெருசு, கியரு மாத்தத் தெரியலன்னா வீட்டுல கெட!" என்று ஒருவன் கத்தினான். தனசிங் சாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஷேர் ஆட்டோ ரிவர்ஸ்ல பாலம் ஏறி இன்னைக்குத்தான்யா பாக்குறேன்."

திரும்பியிருந்தால் வண்டியின் பின்பக்கம் எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பானு அக்கா தன் சோற்றில் பாதியைக் கொடுத்தார். வேண்டாம் என்றுவிட்டேன்.

வீட்டுக்குப் போனபோது என் சாப்பாட்டு டப்பா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அம்மா கேட்டாள், "தக்காளிச் சோறு எப்படி இருந்துச்சு? உங்கப்பா கரெக்டா கொண்டாந்து குடுத்தாரா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "நல்லா இருந்துச்சாம். உப்புதான் லேசாத் தூக்கலாம்" என்றார்.

"அவ வாயில்லையா, நீங்க எதுக்குச் சொல்றீக?" என்றாள் அம்மா.

அம்மா மாவு கொடுக்கப் பக்கத்துத் தெருவுக்குப் போன பிறகு அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"நல்லாப் பேசின தாயி. ஒரு எழுத்துகூட முழுங்கல. எனக்கு எம்புட்டுத் தெளிவாக் கேட்டுச்சு தெரியுமா" என்றார்.

பிப்ரவரி 20, வெள்ளி

பேசுவதற்கு இரண்டு தடவை பக்கத்தில் போனேன். முதல் தடவை அவர் சவரம் செய்துகொண்டிருந்தார். இரண்டாவது தடவை, "என்ன தாயி?" என்றார். "ஒண்ணுமில்லப்பா" என்றேன்.

பிப்ரவரி 23, திங்கள்

செவத்தியான் மாமா இன்று வண்டியில்லாமல் நடந்து வந்தார். டீக்கடையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் குறைந்ததும் கிட்ட வந்தார். அன்றைக்கு மாதிரிச் சத்தமாகப் பேசவில்லை.

"உங்கப்பன் எங்க இருக்கான்னு ஒனக்குத் தெரியுமா?"

"வண்டி ஓட்டப் போயிருக்காரு மாமா."

"எங்கிட்டு ஓட்டுறான்? ஸ்டாண்டுலதான் அவனை முறைக்கே விடுறதில்லையே."

முறை என்றால் வரிசை. ஸ்டாண்டில் வந்து நின்ற வரிசைப்படிதான் ஆள் ஏற்ற வேண்டும். வரிசையில் சேர்க்காத வண்டியில் யாரும் ஏற மாட்டார்கள்.

"எதுக்கு விடல?"

"புகைக்காசு வந்த அன்னிக்கே பயலுக சொன்னாங்ங. 'ஒம்மகதான் அந்த வேலையில நிக்கிதாமே. எந்தப் பக்கம் நிக்கிதுன்னு கேட்டுச் சொல்லு, நம்மளை மட்டும் விடச் சொல்லு'ன்னு. அவன் கேக்க மாட்டேன்னுட்டான். 'எம்மக இப்பத்தான் வாயத் தொறந்து ரெண்டு வார்த்தை பேசுது. அதைப் போயிப் பொய் பேசச் சொல்லவா'ன்னான். அப்ப நீ வரிசையில நிக்காதன்னுட்டாங்ங. நானும் கூடச் சேந்துதான் சொன்னேன், சொல்லலன்னு சொல்ல மாட்டேன்."

"அப்ப காலையில கிளம்பிப் போறாரே..."

"வில்லாபுரம் கம்மாக்கரையில புளியமரத்தடியில வண்டியப் போட்டுட்டு உக்காந்திருக்கான். மூக்குல துணியக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கான், பாவி. யாராச்சும் பாத்தா ஓட்டிட்டு வந்து நிக்கிற மாதிரி இருக்கணுமாம்."

மாமா டீ டம்ளரைத் திருப்பிக் கொடுக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார். "ஒரு வார்த்தை வீட்டுல கேக்க மாட்டியா ஜோதி நீ?" என்றார்.

நான் கேட்டிருக்கலாம். கர்சீப்பைக் கையில் வைத்திருந்தேன். காற்று சுத்தமாகிவிட்டது என்று சொன்னதும் நான்தான். கேட்காமல் இருப்பதற்கு அது வசதியாக இருந்தது.

வீட்டுக்குப் போய் இன்றாவது பேசிவிட வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். வாசலில் ஆட்டோ இல்லை. அது நிற்கிற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

அப்பா உள்ளேதான் இருந்தார். "மேலூர்ப் பக்கம் ஒருத்தன் வாங்கிட்டான். அங்கிட்டுக் கோடும் இல்ல, ஒண்ணும் இல்ல. வண்டி ஜாலியா ஓடும்" என்றார். விளக்குத்தூண் ஜவுளிக்கடை ஒன்றில் கதவு திறந்துவிடுகிற வேலை கிடைத்திருக்கிறதாம். நாளை மறுநாளிலிருந்து. "நாள் பூராம் ஏசிக் காத்து. நானும் எல்லாரையும் சார், மேடம்னு கூப்பிடப் போறேன். எனக்கு நீ பழக்கி விடு."

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "பின்னால எழுதின பேரை என்ன பண்ணுவான் அவன்?" என்று கேட்டாள்.

"என்ன பண்ணுவான். அடிச்சுட்டு அவன் பிள்ளை பேரை எழுதுவான்" என்றார் அப்பா.

சொல்லிப் பார்த்து வைத்திருந்ததில் ஒன்றும் மிஞ்சவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

துணி துவைத்தேன். பானு அக்காவுக்கு ஜுரம், அதனால் நான் இரண்டு பேர் வேலை பார்த்தேன்.

பிப்ரவரி 26, வியாழன்

தனசிங் சாரிடம் சொல்லிவிட்டேன். வேலை போனாலும் போகட்டும் என்று தோன்றியது. அவர் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சார், அன்னைக்கு ரிவர்ஸ்ல போனது எங்கப்பா சார்."

"எந்த அன்னைக்கு?"

"மதியம். ஷேர் ஆட்டோ. பாலம் வரைக்கும்."

"ஓ, அந்தக் காமெடியா?" சிரிக்க ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். வடையைப் பேப்பரில் வைத்தார். "உங்கப்பாவா? உங்கப்பா எதுக்கும்மா அங்க வந்தாரு?"

"சோறு கொண்டாந்தாரு."

விரலைப் பேப்பரில் துடைத்துக்கொண்டார். வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று நின்றேன்.

"ஏம்மா, வண்டிய உள்ள விடக்கூடாதுன்னுதான சொன்னேன்? அப்பான்னு சொல்லக்கூடாதுன்னா சொன்னேன்? சொல்லியிருந்தா ஓரமா நிறுத்தச் சொல்லி, நானே பையை வாங்கிக் குடுத்திருப்பேனே."

பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது. ஒரு வடையை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை.

அவர் திட்டுவார், வேலை போய்விடும், அதனால்தான் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இனி அதையும் சொல்ல முடியாது.

பிப்ரவரி 27, வெள்ளி

பானு அக்கா ஜுரம் தெளிந்து வந்துவிட்டார்.

அப்பாவும் நானும் ஒரே வழியில்தான் வேலைக்கு வருகிறோம். ஆனால் சேர்ந்து கிளம்புவதில்லை. "நீ முன்னால போ தாயி, நான் பைய வாறேன்" என்கிறார். புதன்கிழமை அவர் எப்போது கோட்டைத் தாண்டினார் என்றே தெரியவில்லை. நேற்றுத்தான் கண்டுபிடித்தேன். ரோட்டின் அந்தப் பக்கம், நிற்கிற பஸ்ஸுக்குப் பின்னால் மறைந்து நடக்கிறார். பஸ் நகர்ந்தால் அடுத்த பஸ் வரும் வரை நின்று, அதன் மறைவில் நடக்கிறார்.

இன்று காலை ஜவுளிக்கடைப் பெண்களின் கூட்டத்துக்கு நடுவில் அவர் தலை தெரிந்தது. கடையில் கொடுத்த மெரூன் சட்டை, தோள்பட்டையில் தங்கக் கயிறு. சட்டை ஒரு சுற்றுப் பெரிது. பஸ் ஒன்றும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பக்கத்துச் சுவரை ஒட்டி வேகமாக நடந்தார். தனசிங் சார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கோட்டுக்கு முன்னால் நாலைந்து வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன.

பலகையைப் பானு அக்காவிடம் கொடுத்தேன். மாஸ்க்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். வண்டிகளுக்கு நடுவில் ரோட்டைத் தாண்டிப் போய், அவர் பக்கத்தில் விளக்குத்தூண் வரைக்கும் நடந்தேன்.